வண்டி கிளம்புவதற்குள் ஒரு கேம்

வீடியோ கேம் செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர், எந்த மென்பொருளில் செய்வது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே தொழிலை விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் தேர்ந்தெடுத்த பிறகு விடுகிறார்கள். நானும் கதிர்வேலும் இரண்டு கூட்டத்திலும் இருந்திருக்கிறோம். நீங்களும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவர் என்றால் இந்தக் கதையில் புதிதாக எதுவும் இருக்காது. ஊரும் ஆட்களும் மட்டும் வேறு.

கதிர் என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் அப்பா பங்குக்கு ஒரு ரிக் வண்டி வைத்திருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் அது சாதாரணம். ஆழ்துளைக் கிணறு போடும் இந்த வண்டிகள் மழைக்காலத்தில் வடக்கேயிருந்து ஊர் திரும்பும். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பும். போனால் அடுத்த மழைக்குத்தான் வரும். கதிரின் அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. வண்டியோடு வீட்டு ஆள் ஒருவர் போக வேண்டும் என்பதால் அந்த வருடம் கதிர் ஏறுவதாகப் பேச்சு. அவன் அந்த ஒரு மழைக்காலத்தை மட்டும் கேட்டு வாங்கினான். அதற்குள் ஒரு கேமை முடித்து, ஆட்கள் போனில் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டால் அவன் ஊரிலேயே இருக்கலாம்.

என் வீட்டில் கெடு எதுவும் இல்லை. குமாரபாளையத்தில் எங்கள் தறியை அண்ணன் பார்த்துக்கொண்டான். நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கதிரின் அப்பாவும் கறாராகப் பேசுகிறவர் இல்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “செய்யி சாமி, வேண்டாங்கல. பூசைக்குள்ள உன்ற சரக்கு வெளிய வந்துட்டா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

பெரிய சேசிஸ்

சங்ககிரி ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அறை. கீழே நடப்பதைப் பார்த்துப் பார்த்து எங்கள் புத்தியும் அதே வழியில் போயிற்று. லாரி வாங்குகிறவர் முதலில் எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டமான சேசிஸை வாங்குவார். பாடி அதன்மேல் பிறகு ஏறும். சேசிஸ் பெரிதாக இருந்தால் பின்னால் எந்த லோடும் ஏற்றலாம். கேம் செய்யும் மென்பொருளையும் நாங்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். என்ன கேம் என்று யோசிப்பதற்கு முன்பே, வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவதிலேயே பெரியதை இறக்கினோம். இலவசம் என்று போட்டிருந்தது. அதைத் தாங்குகிற கம்ப்யூட்டர் இலவசமில்லை என்பது எங்கும் போட்டிருக்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் அது திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். திறந்த பிறகும் மவுஸை நகர்த்தினால் சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். பட்டறையில் வெல்டிங் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். எங்கள் யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. திரை அணைந்து, அதுவரை சேமிக்காத வானம், தரை, வெளிச்சம் எல்லாம் போய்விடும். முதல் தடவை நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கதிர் கறுத்த திரையைப் பார்த்தபடி சொன்னான்: “கடவுளும் நல்லாத்தான் செஞ்சிருப்பாரு மாப்ள. கீழ எவனோ வெல்டிங் வெச்சுட்டான்.”

சங்ககிரி மலை

எதைச் செய்வது என்பதில் எங்களுக்குத் தகராறே வரவில்லை. லாரி கேம். சங்ககிரியில் லோடு ஏற்றி நாக்பூர் வரை ஓட்டிப்போக வேண்டும். வழியில் டோல்கேட், டயர் வெடிப்பு, செக்போஸ்ட், தாபா, தூக்கம். வெளியூரில் பெரிய கூட்டம் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்வதை, இரண்டு பேர் ஒரு மழைக்குள் செய்துவிடலாம் என்று எப்படி நம்பினோம் என்று தெரியவில்லை. நம் ஊர் ரோடு நமக்குத் தெரியும் என்ற தைரியம்தான். ரோடு தெரிந்தவனெல்லாம் ரோடு போட்டுவிட முடியாது.

கிளம்புகிற இடம் சங்ககிரி என்பதால் மலைக்கோட்டையை முதலில் செய்தோம். கதிர் பைக்கில் போய்ப் போய்ப் படம் எடுத்து வந்தான். மதில், வாசல்கள், படிக்கட்டு, பாறைக்குழியில் நிற்கிற மழைத்தண்ணீர் வரை செய்தோம். விளையாடுகிறவர் அதை லாரிக் கண்ணாடி வழியாகத் தூரத்தில் ஒரு கணம் பார்ப்பார். அந்தக் கணத்துக்கு ஆடி மாதம் முழுக்கச் செலவானது. லாரியை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.

ஆவணியில் கதிரின் அப்பா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். கதிர் மலையைச் சுற்றிக் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இந்த வாசலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறோம் என்றார். கதிருக்கு முகம் மலர்ந்தது. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: “செரி சாமி, வண்டி எப்பக் கெளம்பும்?”

நந்தினியின் மரங்கள்

மரம் வரைய ஆள் வேண்டியிருந்தது. நந்தினி கதிரின் தங்கையோடு படித்தவள். ராசிபுரத்தில் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். மயிலோ மாங்காயோ, எதுவானாலும் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி எடுப்பது அவள் வேலை. ரோட்டோரத்துக்குப் புளியமரமும் வேம்பும் கருவேலமும் வேண்டும் என்றோம். வேறொன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து போட்டு அனுப்பினாள். நன்றாக இருந்தன. புளிய இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

ரோட்டோரம் வரிசையாக நட்டுவிட்டு அவளை அழைத்தோம். பேருந்தில் வந்தாள். எங்கள் கேமில் சுற்றி வந்து எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். அவள் போட்டதோ சேலையில் கிடக்கிற மாதிரி தட்டையான படம். பொருத்திய எங்களுக்கு அது உறைக்கவில்லை. நேராக நின்று பார்த்தே மகிழ்ந்துகொண்டிருந்தோம். அவள் மவுஸை வாங்கி மரத்தைச் சுற்றிப் போனாள். மரம் மெலிந்துகொண்டே வந்து காணாமல் போனது. இன்னொரு மரத்துக்குப் போனாள். அதுவும் அப்படியே. மவுஸைக் கீழே வைத்தாள். “ஏனுங்கண்ணா, முன்னால நின்னா மரம், பக்கவாட்டுல போனா கோடு. இந்தக் கோட்டுக்கா எலையெல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டேன்?”

குரூப்பில் கேட்டது

புரட்டாசி நெருங்கும்போது மென்பொருளை மாற்றினோம். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், வேலை நகராதபோது மென்பொருளை மாற்றுவது எவ்வளவு சுகமான காரியம் என்று. புதியதை இறக்கும்போது திரையில் கோடு நிரம்பி வருவதைப் பார்த்தால் நாமே ஏதோ செய்துமுடித்த மாதிரி இருக்கும். பழையதில் செய்த மலை புதியதில் பாதிதான் வந்தது. வாசல்கள் காற்றில் மிதந்தன. ஒரு வாரத்தில் அதையும் விட்டு மூன்றாவதற்குப் போகலாமா என்று யோசித்தோம்.

கேம் செய்கிறவர்களுக்கென்று சேலம் பக்கத்து ஆட்கள் நடத்தும் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருந்தது. எது நல்லது என்று கதிர் அதில் கேட்டான். மதியம் கேட்டது, இருட்டும்வரை சண்டை ஓடியது. ஒருவர் மற்றவரின் மென்பொருளைக் குப்பை என்றார். அவர் இவருடைய படிப்பைக் குப்பை என்றார். இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, அதுவரை வாய் திறக்காத ஒருவர் கதிருக்குத் தனியாக அனுப்பியிருந்தார்: “அண்ணா, இந்தக் குரூப்ல யாராச்சும் எதையாச்சும் முடிச்சிருக்காங்களா? தெரிஞ்சா சொல்லுங்க.”

பூஜையில் வைத்தது

பிறகு குறைக்கத் தொடங்கினோம். நாக்பூர் தருமபுரி ஆயிற்று. தருமபுரி சேலம் ஆயிற்று. கடைசியில் மலையடிவாரத்திலிருந்து முதல் டோல்கேட் வரை போனால் போதும் என்று வந்து நின்றோம். லாரி ஒருவழியாக ஓடியது. டோல்கேட் பக்கம் வந்ததும் தார் ரோட்டுக்குள் இறங்கி மறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. வெல்டிங் தொல்லை இருக்கக்கூடாதென்று கம்ப்யூட்டரைக் கதிர் வீட்டுக்குத் தூக்கிப்போனோம். ஆயுத பூஜை அன்று பட்டறைகளெல்லாம் மூடியிருக்கும், யார் தொந்தரவும் இருக்காது, அன்று முழுக்க உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம் என்று கணக்கு வைத்திருந்தோம்.

காலையில் நான் போனபோது கம்ப்யூட்டர் பூஜையில் இருந்தது. ரிக்கின் டிரில் பிட்டுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவில், திரையில் சந்தனம் குங்குமத்தோடு, கீபோர்டின் மேல் செவ்வந்திப்பூவோடு. கதிரின் அம்மா பார்த்துப் பார்த்து அழகாக வைத்திருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் கணக்கில் அது வரவில்லை. கதிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று எடுத்திருந்தாலும் முடிந்திருக்காது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா பொரிகடலைத் தட்டை நீட்டினார். “சாப்புடு கண்ணு. ஒரு நாளு தொடாமக் கெடந்தா என்ன கொறஞ்சு போகுது?”

விஜயதசமி

நல்ல நேரம் காலையிலேயே இருந்தது. ரிக்கும், துளையிடும் ராடுகளை ஏற்றிய லாரியும் முன்னும் பின்னுமாக நின்றன. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்தார்கள். கதிர் கல்லூரிக்குக் கொண்டுவரும் அதே பையோடு வந்தான். சாவு வீட்டில் நிற்பதுபோல நான் நின்றிருந்தேன். மற்றவர்களுக்கு அது கல்யாண வீடு மாதிரி இருந்தது. கதிர் லாரியில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினான். மலையை அழித்துவிடாதே என்று என்னிடம் சொன்னான்.

அவன் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோளில் கை வைத்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “நீயும் போறயா சாமி? வண்டியில எடம் இருக்குது.”

சத்தீஸ்கரிலிருந்து

கதிர் அவ்வப்போது கூப்பிடுவான். ரிக்கின் கம்ப்ரசர் இரையாத நேரத்திலும் கத்தித்தான் பேசினான். நான் சொல்வதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். முதலில் சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அவன் காது மந்தமாகிவிட்டது என்று பிறகுதான் புரிந்தது. எந்த மென்பொருள் இப்போது நன்றாக இருக்கிறது என்று ஆரம்பத்தில் கேட்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

ஒரு தடவை அவனாகவே ஒரு விவசாயியைப் பற்றிச் சொன்னான். இருந்ததை விற்றுக் கிணறு போடக் கூப்பிட்டவர். ராடு இறங்க இறங்க வெள்ளைத் தூசிதான் பறந்தது. நிறுத்திவிடலாம் என்றார்கள். இன்னொரு ராடு விடுங்கள் என்றார். விட்டார்கள். மறுபடி இன்னொன்று என்றார். வீட்டு ஆள் என்பதால் முடிவு கதிருடையது. நிறுத்தச் சொன்னான். “அந்தாளு தூசிய அள்ளி மோந்து பாத்தாரு மாப்ள. ஈர வாசம் அடிக்குதுன்னாரு. என்ற மூக்குகிட்டயும் கொண்டாந்து காட்டுனாரு.”

ஒரே திரை

அடுத்த மழைக்கு முன்னால் நான் ஒரு கேமை முடித்தேன். எல்லாரும் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்குகிற மிகச் சிறிய மென்பொருள். தட்டையான படம் மட்டும்தான் அதில் ஓடும். நந்தினி போடும் கட்டங்கள் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தன. அவளைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றி வந்து பார்க்க முடியாதில்ல என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டாள். ஒரே திரை. மேலே ஒரு வெள்ளாமைக் காடு, வேப்பமரம், ரிக். எங்கே துளையிடுவது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மண், செம்பாறை, கரும்பாறை என்று இறங்கும். கடைசியில் தண்ணீர், அல்லது தூசி.

கதிர் சொன்னதை நினைத்துப் பெரும்பாலும் தூசியே வரும்படி முதலில் வைத்திருந்தேன். நந்தினி விளையாடிப் பார்த்தாள். தூசி. மறுபடி. தூசி. போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இப்பிடியே தூசி வந்தா யாருண்ணா ரெண்டாவது தடவ தொடுவாங்க?” அன்று மாலையே மாற்றினேன்.

கதிர் விளையாடியது

கேம் வெளிவந்ததும் கதிருக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவன் பெயரையும் போட்டிருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டான். வண்டியில் எல்லாரும் வாங்கி வாங்கி விளையாடினார்கள் என்றான். வேப்பமரம் நன்றாக இருக்கிறது, நந்தினியிடம் சொல் என்றான். ஊருக்கு எப்போது வருகிறாய் என்றேன். அது கேட்கவில்லைபோல. இன்னொரு தடவை கத்திக் கேட்டேன். மழை வரட்டும் என்றான். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லாமல் சும்மா சொல்கிற மாதிரி சொன்னான்: “எல்லாஞ் செரி மாப்ள. இதுல தண்ணி ரொம்பச் சீக்கிரமா வந்துருது.”

இப்போதெல்லாம் எந்த மென்பொருளில் ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறவர்களிடம், உங்கள் வீட்டு வண்டி எப்போது கிளம்புகிறது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.