டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு

இந்த நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். லண்டனில் பஸ் ஓட்ட வந்த புதிதில் எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் எதற்கு நன்றி சொல்லவேண்டும், அதற்கு நான் என்ன பதில் சொல்லவேண்டும் என்று ஒன்றும் புரியாமல் முழிப்பேன். என் அப்பாவும் டிரைவர்தான். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். அவரிடம் யாராவது 'ரொம்ப நன்றிங்க' என்று சொல்லி இறங்கியிருந்தால், வண்டியை மெதுவாக ஓட்டியதற்குக் கிண்டல் செய்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். ஓரிரண்டு முறை ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே இறங்கியும் வந்திருப்பார்.

ஆனால் நான் இங்கே பஸ் ஓட்ட வரவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு விமானக் கம்பெனியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். குளிரில் விரல் மரத்துப்போகும், இடுப்பு ஒடியும். இருந்தாலும் அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. வேலை செய்கிறவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் கம்பெனி விமானத்தில் சலுகை டிக்கெட் உண்டு. இடம் மீந்தால் ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். பம்பாய் வரை அப்படி வந்துவிட்டால் பிறகு ரயிலில் அரக்கோணம், அங்கிருந்து பஸ்ஸில் ஆரணி. என்னோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் பெற்றவர்களின் முகத்தைப் பார்க்க வருடக்கணக்கில் காசு சேர்த்தார்கள். நானோ தம்பி கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எல்லாவற்றுக்கும் போய் நின்றேன். மற்றவர்கள் வயிறெரிந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பொங்கல் கழிந்த பிறகு, கம்பெனி கவிழ்ந்தது. காலையில் வேலைக்குப் போனால் கேட்டில் சங்கிலி. விமானங்கள் எல்லாம் உள்ளே வரிசையாக நிற்கின்றன, ஓட்ட ஆளில்லை. கடன் தலைக்குமேல் போய்விட்டதாம். சட்டப்படி ஒரு நஷ்டஈடு கிடைக்கும், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, யூனிபாரத்தையும் பாஸையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். என் மனைவி மல்லிகா, அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். வீட்டுக் கடன் தவணை அவள் கண்முன் நின்றது.

நான் போடவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

செய்தி தெரிந்ததும் அவர் ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்குப் போய், அங்கிருந்த போனில் டிரங்க் கால் போட்டார். பின்னால் யாரோ கல்யாணப் புடவைக்குப் பேரம் பேசும் சத்தம் கேட்டது. அதற்குமேல் கத்தினார்: "கையெழுத்து கிய்யெழுத்து எதுவும் போட்றாத. யூனிபாரத்தக் கழட்டிக் குடுத்துறாத. தெனம் போயி வண்டியாண்ட நில்லு. சர்க்காரு வண்டிய எடுக்க சொல்லோ ஆளையும் சேத்துதான் எடுக்கும்."

அப்பா உளறவில்லை. அவருக்கு நடந்தது அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு தனியார் முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்களை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் முதலாளி, கணக்கு முடித்துக்கொண்டு போகிறவர்கள் போகலாம் என்றார். பாதிப் பேர் காக்கிச்சட்டையைக் கொடுத்துவிட்டுக் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா மட்டும் பிடிவாதமாகத் தினமும் ஷெட்டுக்குப் போய், ஓடாத வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் வண்டியோடு அவரையும் அரசு எடுத்துக்கொண்டது. கணக்கு முடித்தவர்கள் அப்புறம் கலெக்டர் ஆபீஸுக்கு மனு மனுவாகக் கொடுத்து அலைந்தார்கள். நம் ஊரில் விமானமும் அப்போது சர்க்கார் சொத்துதான். ஆகவே, விமானக் கம்பெனி என்று ஒன்று மூடினால் அரசாங்கம் வந்து எடுத்துக்கொள்ளும் என்பதில் அப்பாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. இங்கே அப்படி நடக்காது என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்படித்தான் சொல்லுவானுங்க" என்றார்.

நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. யூனிபாரம் மாட்டிக்கொண்டு, பனியில் போய், அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்பேன். அப்பா நின்றது வைகாசி வெயிலில். எனக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகும். என்னோடு வேலை பார்த்த கென் என்பவர் ஒருநாள் வந்து, ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் பஸ் கம்பெனி மூடியபோது அரசு பஸ்ஸையும் டிரைவரையும் எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மிகவும் பரிவோடு தலையாட்டிக் கேட்டார். மறுநாள் பேப்பரிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் டிரைவர்கள் தேவை என்ற விளம்பரம் அது. உங்கள் ஆட்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்களே, நல்ல வேலைதான் என்று முதுகில் தட்டினார். நல்ல மனிதர். நான் சொன்னதில் பஸ் என்ற ஒரு வார்த்தைதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பனி விட்டதும் வேறு கம்பெனிக்காரர்கள் வந்து விமானங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் போனார்கள். வால் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆளையும் சேர்த்து எடுக்கவில்லை. கடைசி விமானம் போன பிறகு நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் நஷ்டஈட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஊரே நின்றது. சலவை செய்து மடித்துக் கொண்டுபோன யூனிபாரத்தை மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், ஒரு பார்வைகூடப் பார்க்காமல், மூலையில் இருந்த குவியலில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து கடிதம். ஆடி மாதத்தில் ரிடையர் ஆகிறேன், கடைசி நாள் நம் ஆரணி வேலூர் வண்டிதான் கொடுத்திருக்கிறார்கள், வண்டிக்கு மாலை போடுகிறார்கள், நீ வந்து என்னோடு ஒரு டிரிப் உட்கார்ந்து வா என்று எழுதியிருந்தார். இதுவரை எந்த விசேஷத்துக்கும் அவர் என்னை வா என்று எழுதியதில்லை. எழுதாமலே நான் வந்துகொண்டிருந்தேன். இப்போது எழுதியிருக்கிறார், என்னிடம் டிக்கெட் இல்லை. முழுக் கட்டணம் கொடுக்க நஷ்டஈடு வரவேண்டும். உடனே கையெழுத்துப் போட்ட கென்னுக்கு எப்போதோ வந்துவிட்டது. அப்பா பேச்சைக் கேட்டு நின்றவனுக்கு வரவில்லை. தினமும் கதவிடுக்கில் தபால் விழும் சத்தத்துக்கு ஓடுவேன். மல்லிகா தவணைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைப்பாள், அது இன்னும் கோபத்தைக் கிளப்பும். கடைசியில், வர முடியவில்லை என்று அப்பாவுக்கு எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. உங்களால்தான் என்று எப்படி எழுதுவது?

ஆடி போய் ஆவணி பிறந்த பிறகு பணம் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மல்லிகாவிடம் கொடுத்தேன், தவணை பாக்கிக்கே சரியாகப் போயிற்று. கென் கொடுத்த துண்டுப் பேப்பர் கோட்டுப் பையில் அப்படியே இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன். இந்த ஊரில் சிவப்பு பஸ் அரசாங்கத்துடையது. அப்பாவுக்கு எழுதினேன், அவ்வளவுதான், ஆரணி பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிவிட்டார்: நான் சொன்னேன் இல்லையா, சர்க்கார் என் பையனை எடுத்துக்கொண்டது, பிளேனாயிருந்தால் என்ன, பஸ்ஸாயிருந்தால் என்ன. தம்பி இதை எழுதியபோது கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். இப்போது இந்த பஸ்களையும் தனியாருக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை நான் அப்பாவுக்கு எழுதப் போவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பழைய கம்பெனிக்காரர்கள் ஒரு மதுக்கடையில் கூடுகிறோம். நம் கம்பெனி மாதிரி வராது, ஒரே குடும்பமாக அல்லவா இருந்தோம் என்று கண்கலங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பத்தையா சங்கிலி போட்டு வெளியே நிறுத்தினார்கள்? கென் இன்னும் என்னைக் கண்டால், பஸ் யோசனை யாருடையது என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் வண்டி போகும் கடைசி நிறுத்தம் அதே விமான நிலையம்தான். கயிறு கட்டிய பெட்டிகளோடு நம் ஊர்க்காரர்கள் நன்றி சொல்லி இறங்குவார்கள். எல்லாரும் இறங்கியதும் நான் வண்டியைத் திருப்புவேன். கம்பெனி கவிழ்ந்த பிறகு நான் ஊருக்கு வரவே இல்லை. மல்லிகா, இரண்டு பிள்ளைகள், நான் என்று நான்கு பேருக்கு முழு டிக்கெட் என்றால் என்ன என்று இதை ஆரணியில் படிப்பவர்களுக்குத் தெரியாது, இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் ஊரிலிருந்து வந்த ஒருவர் தம்பி கொடுத்தனுப்பிய கேசட்டைக் கொண்டுவந்து தந்தார். சலுகை டிக்கெட் காலத்தில் நான் வாங்கிப் போன டேப் ரெக்கார்டரில், அப்பாவின் கடைசி டிரிப்பைத் தம்பி பதிவு செய்திருந்தான். ஒருபக்கம் முழுக்க இன்ஜின் சத்தமும் கண்டக்டர் விசிலும்தான். கண்ணமங்கலத்தில் ஒரே இரைச்சல். ஆடி மாதம், படவேட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் கூட்டம் ஏறுகிறது, குழந்தைகள் அழுகின்றன. ஒரு அம்மாவின் குரல் கிட்டத்தில் கேட்கிறது: "இன்னாங்க இது, நிக்க எடமில்ல, டிரைவர் பின்னாடி சீட்டுல துண்டு போட்டு வச்சிகினு கீறீங்க. எடுங்க, கொழந்தைய வச்சிகினு நிக்கிறேன்."

கண்டக்டர் ஏதோ சமாதானம் சொல்கிறார், வேறு சீட்டில் யாரையோ எழுப்பி அந்த அம்மாவுக்கு இடம் கொடுக்கிறார். பிறகு அப்பாவின் குரல். நான் வரவில்லை என்ற கடிதம் அவர் கைக்குப் போய் அதற்குள் வெகுநாள் ஆகிவிட்டது.

"அது எம் பையன் சீட்டும்மா. லண்டன்லர்ந்து வந்துகினு இருக்கான்."

அதற்குமேல் கியர் மாற்றும் சத்தம். பிளேனில் ஒருமுறைகூட எனக்கென்று இடம் இருந்ததில்லை, மீந்ததில்தான் உட்கார்ந்து வந்தேன். வேலூரில் எல்லாரும் இறங்கும் வரைக்கும் தம்பி டேப்பை ஓடவிட்டிருக்கிறான். கடைசியில் அவன் சொல்கிறான்: "அந்த சீட்டுல யாரையும் ஒக்கார விடலண்ணா. துண்டுதான் வந்துச்சு."