பிளந்த கார்க்

ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. தனி ஊசல் சோதனை. நூலில் தொங்கும் குண்டை ஆட்டி, நேரம் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தக விடை 9.8. வகுப்பு முழுக்க 9.8. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும் ஆய்வகத்தில் இத்தனை ஒற்றுமையா? ஒருத்தி மட்டும் 9.3 எழுதியிருந்தாள். வெள்ளறடையிலிருந்து பஸ் மாறி வருகிறவள். அவளுடைய நோட்டில் துறைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

எல்லாருடைய அளவுகளையும், அடித்துத் திருத்தியதையும் சேர்த்து, ஆய்வகக் கதவில் ஒட்டினால் என்ன?

நான் அங்கே தற்காலிக ஆசிரியை. யோசனை வந்தால் நாற்காலி கொள்ளாது. வராந்தாவில் அவளையும் தோழியையும் பிடித்தேன்.

"எல்லாருக்கும் எப்பிடி 9.8 வந்துது?"

"அது கீழயிருந்து மேல எழுதுறதாக்கும் மிஸ்ஸே," தோழி சிரித்தாள். "முதல்ல விடை. பின்னே அதுக்கு ஒத்த நேரம். சீனியர் சேச்சிமார் சொல்லித் தந்தது. இவ மட்டும் அரிச்சந்திரனுக்க பேத்தி."

"போடி," என்றாள் வெள்ளறடைக்காரி. "திரும்பத் திரும்ப ஆட்டிப் பாத்தேன் மிஸ்ஸே. நூலக் குறைக்கக் குறைக்க விடையும் இறங்குது. எனக்க கையிலதான் என்னமோ கோளாறு உண்டு."

கையில் இல்லை. அவள் ஆட்டிய ஸ்டாண்டுக்கே போனோம். நூலைக் கவ்விப்பிடிக்கும் இரண்டு பாதிக் கார்க் அடியில் வாய்பிளந்து, மேல்நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் முறைப்படி கார்க்கின் அடியிலிருந்து நீளம் அளந்திருந்தாள். நூலோ மேலிருந்தே ஆடியது; உண்மை நீளம் அவள் எழுதியதைவிடக் கூடுதல், அதனால்தான் விடை இறங்கியது. நானும் ஆட்டிப் பார்த்தேன். 9.3-க்கும் கீழே.

கார்க்கோடு துறைத்தலைவரின் அறைக்கு ஓடி, கதவில் ஒட்டும் யோசனையையும் சேர்த்துச் சொன்னேன். அவரும் என்னைப்போல அமரவிளைக்காரர்தான்; வகுப்புக்கு வெளியே எங்களுக்குள் ஊர்ப்பேச்சுதான்.

"கார்க்க மாத்து மக்கா. அவள 9.8 எழுதச் சொல்லு, இப்பமே கையெழுத்துப் போடுகேன்."

"அவ அளந்தது சரி சாரே. கார்க்தான் தப்பு."

"வெளிய இருந்து எக்ஸாமினர் வருவாரு. தப்பக் கதவுல ஒட்டி வச்சா லேபுக்க மானம் என்னாவும்?"

"எல்லாரும் 9.8 எழுதினதுனாலதானே சாரே, இது பிளந்து கெடக்குறது ஒருத்தருக்கும் தெரியல்ல?"

கார்க்கை வாங்கி, விரலால் பிரித்து மூடினார். பிரித்தார், மூடினார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். நாளைக்குக் காலைல அளந்து காட்டு. பின்னே பாப்போம்."

அளந்து காட்டப் போவதில்லை. அவரையே அளக்கவைக்கப் போகிறேன். அதே ஸ்டாண்டில் அதே கார்க்கை மாட்டி, பிள்ளைகள் சுற்றி நிற்க, ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுப்பேன். அவருக்கும் விடை கீழே இறங்கினால், அவள் எழுதிய எண் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே கார்க்கைப் பற்றி ஒரு வரி, அதன் கீழே அவர் கையெழுத்து. அதற்கப்புறம் கதவு. முதல் தாளில் இன்று எனக்கு வந்த அளவுகளையே எழுதிவிட்டேன், அடித்தல் திருத்தலோடு. டேப்பும் பையில் இருக்கிறது.