அவனோடு கட்டுமரத்தில் யார் ஏறுவது

ஒருத்தனை உள்ளே தள்ளுவது சுலபம், எப்போது வெளியே விடலாம் என்று சொல்வதுதான் தலைவலி. வீட்டை விட்டுப் போன மருமகனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். பிரெஞ்சுக்காரன் போன புதிதில் சிறையில் முன்விடுதலைக் குழு என்று ஒன்று வைத்தார்கள். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், மூன்றாவது நான். முதலியார்பேட்டையில் ஆலை மேஸ்திரி; குழுவில் உட்கார்ந்ததும் எனக்கும் 'முசே' பட்டம், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'ஐயா'.

நல்ல பிள்ளை

காத்தவராயன் மீன்பிடிக்கிறவன். சாராய வெறியில் கூட்டாளி அஞ்சப்பனின் காலைத் துடுப்பால் அடித்து ஒடித்துவிட்டு வந்தவன். சிறையில் சண்டை சச்சரவு கிடையாது. தோட்டத்துக் கத்தரிச் செடிக்குக்கூட மரியாதையாகத் தண்ணீர் விடுவான் என்றார் ஜெயிலர். டாக்டருக்குப் பரம திருப்தி. "எப்படியடா இவ்வளவு திருந்தினாய்?" என்றேன்.

"உள்ள சாராயம் குடுக்க மாட்றாங்க முசே."

குப்பத்தில்

விசாரிக்க நான்தான் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: தங்கமான பிள்ளை, விட்டுடுங்க. எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, நாளைக்கே விடறேன். அவனோட கட்டுமரத்துல யார் ஏறுறீங்க?" என்றேன். ஒருத்தன் தவறி விழுந்தால் மற்றவன் மரத்தைத் திருப்பி வந்து தூக்க வேண்டிய தொழில். அத்தனை பேரும் வலையில் முடிச்சுத் தேட ஆரம்பித்தார்கள்.

கூடையோடு நின்றிருந்த அவன் பெண்சாதி மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். "கடலுக்கு ஏத்திக்க ஆள் இல்லன்னா நேரா சாராயக்கடைக்குத்தான் போவாரு. அதுக்கு அங்கியே வச்சுக்கங்க மேஸ்திரி."

அஞ்சப்பன்

நடந்ததைக் குழுவில் சொன்னேன். ஏற்றிக்கொள்ள ஆள் வந்தால் விடலாம், வராவிட்டால் தண்டனை முடியும்வரை இருக்கட்டும் என்று முடிவு. வக்கீல் முகம் சுளித்தார். சட்டத்தில் கட்டுமரம் இல்லையாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒருத்தன்தான் வந்தான். காலை இழுத்து இழுத்து, அஞ்சப்பன். நான் ஏத்திக்கிறேன் என்றான். பழி தீர்க்கப் பார்க்கிறான் என்று வக்கீல் என் காதைக் கடித்தார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஏண்டா என்று கேட்டேன்.

"இந்தக் கால வச்சிக்கினு மரத்தத் தனியா தள்ள முடியல முசே. ஒடைச்சவனே வந்து தள்ளட்டும். துடுப்பு மட்டும் என் கைலதான் இருக்கும்."

விட்டோம், அப்புறம் நான் மீன் வாங்கப் போன காலையிலெல்லாம் காத்தவராயன் மரத்தைத் தள்ள, அஞ்சப்பன் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எங்கள் மூன்று பேர் கையெழுத்தைவிட உருப்படியான காவல் அதுதான்.