அவர் என்னை வெளியே அனுப்பிய கூட்டம்

ராமாத்தாள் அம்மா இறந்த செய்தி, நான் இப்போது வேலை பார்க்கும் சாந்தன்பாறைக்கு வந்து சேர ஆறு நாளாயிற்று. பழைய ஊர்த் துணிக்கடை ராவுத்தர் எழுதிய தபால் கார்டு. பூப்பாறையிலிருந்து தபால் கொண்டுவரும் ஜீப் டிரைவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "கார்டுங்கிறதால கண்ணுல பட்டுருச்சு சார், தப்பா நினைக்காதீக. யாரோ ராமாத்தாளாம், தவறிட்டாக" என்றார். அந்த 'யாரோ' எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவரிடம் கோபித்துக்கொண்டு என்ன பயன்? இந்த மலையில் அம்மாவை யாருக்குத் தெரியும்? அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

எருத்தேன்பதிப் பக்கத்தில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரியை அறிந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது அரசாங்கத்துடையதும் அல்ல, தனியாருடையதும் அல்ல. சுற்றுவட்டார விவசாயிகள் அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு மூட்டை நிலக்கடலை கொடுத்து நடத்திய ஆஸ்பத்திரி. பெருமாட்டித் தென்னந்தோப்புக்காரர்கள் தேங்காய் அனுப்புவார்கள். இதை மேற்பார்க்க ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. அந்தக் குழுவுக்குக் கீழே பதினோரு வருஷம் செக்ரட்டரியாக இருந்தவன் நான். ராமாத்தாள் அம்மாவின் கணவர் குழுவில் இருந்தார். அவர் காலமானதும் அந்த இடத்துக்கு அம்மாவின் பெயரைப் போட்டோம். பேருக்குத்தான் போட்டோம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த, எந்நேரமும் தோட்டத்தில் நிற்கிற ஒரு பெண்மணி என்ன கேட்டுவிடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அப்படி நினைத்ததில் முதல் ஆள் நான்.

எங்கள் குழு கூடுவதே அபூர்வம். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. தீர்மானங்களை நானே எழுதி, தீர்மானப் புத்தகத்தை ஜீப்பில் வைத்து வீடு வீடாகப் போவேன். போன இடத்தில் மோர் கொடுப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவோம், நான் பக்கத்தைத் திறந்து நீட்டுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. வீடு தேடி வந்தவன் கொடுத்த காகிதத்தை அவன் எதிரிலேயே படித்துப் பார்ப்பது அவனைச் சந்தேகப்படுவது போல என்று எங்கள் பக்கத்து மரியாதை சொல்லும். ஏழு மோர் குடித்தால் ஒரு தீர்மானம் நிறைவேறிவிடும்.

அந்த மரியாதையில் நான் நன்றாகவே பிழைத்தேன். என் சம்பளத்தை நானே எழுதினேன். முதலில் விலைவாசிக்காகக் கொஞ்சம் கூட்டினேன், அடுத்த வருஷம் வீட்டு வாடகை, அதற்கடுத்த வருஷம் கோயமுத்தூர் ஹாஸ்டலில் படித்த என் மகனுக்காக ஒரு படி. எட்டு வருஷத்தில் டாக்டரைவிட நான் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் நர்சுகள் நான்கு பேருடைய சம்பளத்தைச் சேர்த்தாலும் என்னுடையதை எட்டாது. நான் திருடவில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏழு கையெழுத்து இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம் அது. அம்மா குழுவுக்கு வந்து முதல் தடவையாகப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். மோர் வந்தது. பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுப் பார்த்துட்டுத் தாரனுங்க."

"சும்மா வழக்கமானதுதானுங்கம்மா. எல்லாரும் போட்டுட்டாங்க."

"அவீங்க போட்டது அவீங்க கையெழுத்துங்க. நான் போடறது என்ரதல்லங்களா?"

ஜீப்பில் திரும்பும்போது எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஊரில் எவரும் செய்யாததை இந்த அம்மா செய்துவிட்டார், அதுவும் டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பெருமாட்டிக்குப் போய்க் குழுத் தலைவரிடம் முறையிட்டேன். அவரும் "அதென்னுங்க, புத்தகத்த ஊட்டுல வெச்சுக்கறது" என்று வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் புத்தகம் ஆள்மூலம் திரும்பி வந்தது, கையெழுத்து இல்லாமல். அதற்குள் ஒரு துண்டுக் காகிதம். 'இங்கிலீசில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கொடுக்கவும்.'

தீர்மானங்களை நான் ஆங்கிலத்தில் எழுதியதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் காரணமில்லை, பதிவு அலுவலகத்துக்கு அது வசதி. ஆனால் அன்று அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. ஆங்கிலத்தில் அது ஆபீஸ் காகிதமாக இருந்தது. தமிழில், 'செக்ரட்டரியின் மகனுடைய ஹாஸ்டல் செலவை இந்த வருஷமும் ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டியது' என்று வந்து நின்றது. நான்கு தடவை மாற்றி எழுதியும் அது அப்படியேதான் இருந்தது. வெட்கமாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதைக் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தமிழ்த் தீர்மானத்தைப் படித்த அம்மா கூட்டம் போடச் சொன்னார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஏழு பேரும் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு தயாரானேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க செக்ரட்டரி, உங்க சம்பளத்தப் பத்திப் பேசப் போறோம். நீங்களே எழுதிட்டு உக்காந்திருந்தா நாங்க எப்படிங்க வாயத் தொறக்கறது? செத்த நேரம் வெளிய இருங்க."

தலைவர் தரையைப் பார்த்தார். துணிக்கடை ராவுத்தர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து வெளியே போனேன்.

வெளியே நோயாளிகளின் பெஞ்சைத் தவிர உட்கார இடமில்லை. அதுவரை ஒரு நாளும் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் கையில் கட்டோடு ஒருவர். என்னை அவருக்குத் தெரியவில்லை. "உங்களுது எத்தனாவது நம்பருங்க?" என்று கேட்டார். நம்பர் இல்லை என்றேன். "அப்ப முன்னாடி போயி வாங்கிக்கோங்க. பஞ்சு கொண்டாந்தீங்களா? இங்க இப்பப் பஞ்சு நாமதான் வாங்கிட்டு வரோணும்" என்று அக்கறையாகச் சொன்னார். பஞ்சு வாங்குவதை நிறுத்திய தீர்மானமும் நான் எழுதியதுதான். அவர் தன்னுடையதில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுக்க வந்தார். நான் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் போயிற்று. கதவு சாத்தியிருந்தது. உள்ளே குரல்கள் உயர்வது மட்டும் கேட்டது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வேலை போய்விடும் என்று முடிவே கட்டிவிட்டேன். ஹாஸ்டலுக்கு என்ன சொல்வது, வீட்டில் என்ன சொல்வது, எந்த முகத்தோடு பக்கத்துச் சித்தூர் பஸ்ஸில் ஏறுவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டார்கள். சம்பளம் டாக்டருடையதற்குக் கீழே இறங்கியிருந்தது. வாடகையும் ஹாஸ்டலும் போயிற்று. வேலை இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் புத்தகம் வீடு வீடாகப் போகாது, கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று இன்னொரு தீர்மானம். "இப்ப எழுதுங்க" என்றார் அம்மா.

ஒரு வருஷம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாதா மாதம் கூட்டத்துக்கு வந்தார், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படித்தார். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். சில மாதம் கழித்து மற்றவர்களும் படிக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடியும் பஞ்சு வந்தது. ஒரு நாள் வீம்புக்கு ராஜினாமாக் கடிதத்தோடு அவரிடமே போனேன். தர்ம ஸ்தாபனத்தில் வேலை செய்கிறவன் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"பட்டினி கெடக்கோணும்னு நான் சொல்லலீங்க. நல்லா வேலை செய்யறீங்க, நல்லா வாங்குங்க. கேக்கறதுக்கு ஆளில்லாம வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். தப்பு உங்க மேல மட்டுமில்லீங்க. படிக்காம ஒப்புப் போட்டவீங்க நாங்க."

கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, எல்லா விலையும் ஏறியபோது, நான் கேட்காமலே நர்சுகளுக்கும் எனக்கும் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று கிளப்பியவரும் அவர்தான். கூட்டுவதற்குப் பேசும்போதும் என்னை வெளியேதான் அனுப்பினார்.

சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிகளுக்காக நடக்கும் ஒரு சிறு ஆஸ்பத்திரிக்கு நான் வந்து இரண்டு வருஷமாகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். எத்தனையோ நாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு உள்ள என்னுங்கம்மா பேசுனீங்க? என்னைப் போகச் சொன்னது யாரு, வெச்சுக்கலாம்னது யாரு?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "அதை உங்ககிட்டச் சொல்றதுக்கா உங்கள வெளிய அனுப்புனேன்?"

இங்கே வந்த முதல் கூட்டத்தில் என் சம்பளம் பேச்சுக்கு வந்ததும் எழுந்தேன். "எங்க சார் போறீக? உக்காருங்க, நமக்குள்ள என்ன இருக்கு" என்றார்கள். நீங்கள் பேசி முடித்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். நல்ல குளிர். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் போட்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

துக்கம் விசாரிக்க எருத்தேன்பதிக்குப் போய் வந்தேன். அம்மாவின் வீட்டில் ராவுத்தர் இருந்தார். பழைய குழுவில் இப்போது மிஞ்சியிருப்பது அவரும் இன்னும் இரண்டு பேரும்தான். பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வரும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தம்மா இருக்கற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்பத்தான் அவங்களே இல்லீங்களே. அன்னிக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குச் சொல்லிடறனுங்க. எனக்கும் மனசு லேசாகும்."

கேட்டுக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஐந்து வருஷமாக அரித்துக்கொண்டிருந்த கேள்வி. பதில் சொல்லக்கூடியவர் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

ராவுத்தர் சரி என்று தலையாட்டினார். பஸ் வரும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ராமாத்தாள் அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சாத்திய கதவைத்தான். உள்ளே என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வாங்கிய சம்பளத்தைத்தான் நான் சம்பாதித்தேன் என்று சொல்ல முடிகிறது.