மேலே என்கிற முகவரி

வனக்காவலர் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், சன்னல்வரை போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தார். வனச்சரக அலுவலகத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலி மூன்று வருடமாகப் புதிதாகவே இருக்கிறது. "உக்காந்தா முட்டி துருப்பிடிச்சிடும்" என்பார். கையெழுத்தைக்கூட நின்றபடிதான் போடுவார்.

ஐம்பது வயது. ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடை. காக்கிச் சட்டைப் பையில் ஒரு விசில், அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம். காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டுமுன் நின்று, கூட வருகிறவர்களை மலைக்கு அறிமுகம் செய்வார்: யார், எதற்கு வந்தார், எப்போது திரும்புவார். காப்புக்காடு என்று பலகை நடுவதற்கு வெகுமுன்பிருந்தே அவருடைய மக்கள் அப்படித்தான் நுழைகிறார்கள். பெரிய அதிகாரி ஒருவரை, "இவரு மேசைக்காரரு, மத்தியானமே திரும்பிடுவாரு" என்று சொல்லிவைத்தார். அதிகாரி பத்து மணிக்கே திரும்பிவிட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்தவர்களைப் புதைத்த இடத்தை அவர்கள் விரலால் சுட்ட மாட்டார்கள். "மேல" என்று முகவாயைத் தூக்குவார்கள், அவ்வளவுதான் முகவரி. அக்காவின் அம்மாவும் மேலேதான் இருக்கிறாள்.

இன்றைக்கு அந்த முகவரி போதாது. மாலை ஐந்து மணிக்குப் புதிய வரைபடம் தலைமையகத்துக்குப் போகிறது. அதில் குறிக்காத இடத்துக்குள் அடுத்த மாதத்திலிருந்து யாருமே போக முடியாது, அந்த மக்கள் உட்பட. புதைத்த இடத்தைக் குறித்துவிட்டால் போகலாம்தான். ஆனால் போன முறை அக்கா நல்ல மனதோடு ஓர் அருவிக்குப் புள்ளி வைத்தார். ஆறே மாதத்தில் கம்பிவேலி, டிக்கெட் கூண்டு, படமெடுக்க ஒரு மேடை. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணி, இன்று காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"இடம் கொடுத்தா மடம் பிடுங்குறவங்க இவங்க. உங்கம்மா தலைமாட்டுல நின்னு டிக்கெட் கிழிக்கப்போறியா?"

நாலரை ஆனது. ரேஞ்சருக்கு அக்காவின் மகன் வயது. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். வரைபடத்தை மேசையில் விரித்துப் பென்சிலை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. தண்ணீர் குடித்தார். மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். ஒரு காரணமும் இல்லாமல் வாசலுக்குப் போனார்.

"ஒரே ஒரு புள்ளிக்கா. அது இல்லன்னா உங்க ஆளுங்கள அடுத்த மாசம் மறிச்சாகணும்."

"மறிக்க நிக்கப்போறதே நான்தானே, தம்பி."

ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா சன்னல் பக்கம் திரும்பினார், உதடு அசைந்தது. இந்தப் பையன் யார், எதற்கு அவசரப்படுகிறான் என்று மலைக்குச் சொல்லியிருக்கலாம். பிறகு விறுவிறுவென்று மேசைக்கு வந்து, ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையை வரைபடத்தின் மேல் பதித்தார். உச்சிப்பாறை, சரிவுகள், இரண்டு ஓடைகள் எல்லாம் கைக்கு அடியில் போயின.

"இதுக்குள்ள இருக்கு. கையைச் சுத்திக் கோடு போட்டுக்குங்க."

"அக்கா, இது முழு மலை."

அக்கா கையை எடுக்காமலே, அந்தப் புது நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.