சாதா பெட்ரோல் ஊற்றிய நாள்

சின்ன காஞ்சிபுரத்தில் நான் கணக்கு எழுதிய பட்டுக்கடைக்கு அவர்தான் டிரைவர். நெற்றியில் பளிச்சென்று நாமம், நகக்கண்ணில் போகாத கிரீஸ். முதலாளியின் கார் வேகத்துக்கென்றே செய்த பழைய சீமைக் கார். அதற்கு உசத்தியான சூப்பர் பெட்ரோல்தான் ஆகும். முதலாளி சில சமயம் சிக்கனம் பார்த்து சாதா ஊற்றச் சொல்வார். அன்றைக்கு மேடு ஏறும்போது இஞ்சின் டக்டக்கென்று இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் இவர், பெருமாள் சந்நிதியில் நிற்பவர்போல, கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

“யாருக்குங்க இது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வண்டிக்குதான் சார். வாயில்லா ஜீவன், ஒத்துக்காதத ஊத்திட்டோம்ல?”

முதலாளியின் மகளுக்கு இடுப்புவலி கண்ட அன்று பெட்ரோல் பங்கில் சூப்பர் தீர்ந்திருந்தது. “சாதாவே ஊத்துப்பா” என்றார் டிரைவர் பங்க் பையனிடம், தலையைக் குனிந்துகொண்டு. முன்சீட்டில் துணைக்கு நான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிவரை இஞ்சின் இடித்தது. அவரும் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் மகளைத் தாங்கியிருந்த முதலாளியம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகப்பிரசவம். முதலாளியம்மா வெளியே வந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். “எம் பொண்ணுக்காக வழியெல்லாம் வேண்டிக்கினே வந்தியேப்பா. நீ நல்லா இருக்கணும்.”

அம்மா உள்ளே போனதும் டிரைவர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

“அந்தப் பொண்ணு நெனப்பே வரல சார் எனக்கு.”

திரும்பும்போது செங்கல்பட்டிலேயே சூப்பர் நிரப்பினோம். இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் மட்டும் காஞ்சிபுரம் வரும்வரை கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.