ஓடர் வந்திட்டுது

எட்வேட் அந்தச் செய்தியைச் சொன்னது ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா வீட்டுக் குசினியில். 2006ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். தக்சிலா குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"ஓடர் வந்திட்டுது, தக்சி. ஆப்கானிஸ்தான். தை மாசம் வெளிக்கிட வேணும். ஆறு மாசம்."

அவள் அடுப்பை அணைத்தாள். "ஏலாது எண்டு சொன்னா?"

"ஆமியிலை இருந்துகொண்டு ஏலாது எண்டு சொல்லலாமே?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆமி என்றால் என்ன என்று அவளுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். 1990இல், அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கடைக்குப் போன அண்ணனை வீதியில் மறித்து ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா மாதக்கணக்காக முகாம் வாசலில் போய் நின்றார். அண்ணன் வரவில்லை. ஆமி ஒன்றைச் சொன்னால் அது நடக்கும், அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அவளுக்குத் தெரிந்த ஆமி அதுதான். நோர்வே ஆமியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

எட்வேட் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் தாய் தகப்பனோடும் அக்கா யோசெப்பினோடும் ஒஸ்லோவுக்கு வந்தவன். தாய் தகப்பன் காலமான பிறகு அக்காதான் அவனுக்கு எல்லாம். கலியாணமும் அக்கா பேசியதுதான். கோவில் பாதர் மூலமாக வந்த சம்பந்தம். "அரசாங்க வேலை, வாகன மெக்கானிக்" என்று சொன்னார்கள். தாலி கட்டி மூன்றாம் கிழமை, விசாவுக்காகக் கொழும்பில் நின்ற நாட்களில்தான் அவன் மிச்சத்தைச் சொன்னான்.

"நான் வேலை செய்யிறது ஆமிக் கராஜிலை. துவக்குத் தூக்கிற வேலையில்லை. ரக்குக்குக் கீழை படுத்துக் கிடக்கிற வேலை. மாமிக்கு இப்ப சொல்லவேண்டாம், பயந்துபோவா."

அவள் சொல்லவில்லை. அம்மா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "கராஜிலை வேலை, அம்மா" என்றாள். அது பொய்யில்லைத்தானே என்று தன்னைத்தானே சமாளித்துக்கொண்டாள்.

தை மாதம் அவன் போனான். தக்சிலா ஒரு வயதுகூட நிரம்பாத யதுர்ஷாவோடு ஐந்தாம் மாடியில் தனித்துப்போனாள். காலை ஒன்பது மணிக்கும் வெளியே இருட்டு. பிள்ளைக்கு உடுப்புக்கு மேல் உடுப்பாகப் போட்டு, வண்டிலில் வைத்து, லிப்டில் இறங்கி, உப்புத் தூவாத பாதையில் வழுக்கி வழுக்கி நோர்வேஜிய வகுப்புக்குப் போனாள். சனிக்கிழமைகளில் ரெயின் ஏறி ஸ்ட்ரோம்மனுக்குப் போய்ச் சாமான் வாங்கினாள். கீழே அவர்களுடைய கார் பனியால் மூடிக் கிடந்தது. அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனாலும் கிழமைக்கு ஒருமுறை போய் அதன் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். பார்க்கிறவர்கள் இந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று நினைக்கக்கூடாது.

வியாழக்கிழமை பின்னேரம் நாலரைக்கு அவன் தொலைபேசி எடுப்பான். குரல் இரண்டு செக்கன் பிந்தித்தான் வரும். அவள் கேள்வி கேட்க, அவன் முந்தின கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். "சாப்பிட்டீங்களோ?" "ஓம், ஓம், குளிர்தான்." அந்தக் குழப்பத்துக்கு இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வியாழன் வரைக்கும் ஓட்டுவாள்.

மற்ற ஆறு நாளும் அவளுக்குப் பயம் அழைப்புமணி. யாருக்காவது ஏதாவது நடந்தால் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள், ஆமிப் பாதர் சீருடையோடு நேரே வீட்டுக்கு வருவார் என்று எட்வேட் போகுமுன் சொல்லியிருந்தான். ஒருநாள் பத்து மணிக்கு மணி அடித்தது. அவள் பிள்ளையைத் தூக்கி இறுக்கிக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருந்துவிட்டாள். திரும்பவும் அடித்தது. துவைக்கும் அறையில் அவள் விட்டுவிட்டு வந்த துணியை எடுக்கச் சொல்லி வந்த மூன்றாம் மாடிக் கிழவர்.

இதை யாரிடமும் சொல்லவும் வழியில்லை. அது நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். திருகோணமலையில் ஊரடங்கு. ஒஸ்லோத் தமிழ்ச் சனம் முழுக்க ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று "என்ரை மனுசன் ஆமியிலை" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எட்வேட்டும் வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோவிலில் கேட்டவர்களுக்கு, "வடக்கு நோர்வேயிலை வேலை, ஆறு மாசக் கொன்ராக்ட்" என்றாள்.

யோசெப்பின் மச்சாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்போடு வருவார். பிள்ளையைக் குளிக்கவார்ப்பார். தக்சிலா கண் கலங்கினால் முதுகைத் தடவிவிட்டு, "என்ன செய்யிறது பிள்ளை, ஓடர் எண்டா ஓடர்தானே" என்பார்.

சித்திரை மாதம், போனவர்களின் குடும்பங்களை முகாமுக்கு ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எட்வேட்டோடு வேலை செய்யும் இன்னொரு மெக்கானிக் ஊலாவின் மனைவி சீரி, தன் காரில் அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனாள். பெரிய மண்டபம். வாஃபலும் மண்ணிறச் சீஸும் கோப்பியும். பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் ஓடின. மலை, மண் வீடுகள், புழுதி, வாகனங்கள். திடீரென்று எட்வேட் வந்தான். தோளில் துவக்கு. யாரோ சொன்ன பகிடிக்குத் தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. படம் மாறியது. அவள் வாஃபலைக் கையில் வைத்தபடி நின்றாள்.

சீரி பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் ஊலாவும் இரண்டு மாதம் சண்டை பிடித்தோம்," என்றாள் சாதாரணமாக. "பிறகுதான் சரி, விண்ணப்பி என்றேன். நீங்கள் இருவரும் எப்படி முடிவெடுத்தீர்கள்?"

தக்சிலா தன் நோர்வேஜிய மொழியில்தான் பிழை என்று நினைத்தாள். ஆனால் விண்ணப்பிக்கிறது என்ற சொல், 'ஸோக்கே', வகுப்பில் முதல் மாதமே படிப்பித்த சொல். வேலைக்கு விண்ணப்பிக்கிறது, வீட்டுக்கு விண்ணப்பிக்கிறது. அதில் பிழை விட இடமில்லை.

"அவர்களுக்குக் கட்டளை வந்ததுதானே?" என்று கேட்டாள்.

சீரி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வந்த இரக்கத்தைத் தக்சிலா பிறகு வருடக்கணக்காக மறக்கவில்லை. சீரி, குடும்பங்களைக் கவனிக்கிற அதிகாரியைக் கையால் கூப்பிட்டாள். தலை நரைத்த, மென்மையாகக் கதைக்கிற மனிதர். தக்சிலா அதே கேள்வியை அவரிடமும் கேட்டாள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"இல்லை, இல்லை. இந்த அணிக்கு எல்லாரும் தாங்களாக விண்ணப்பித்தவர்கள்தான். நாங்கள் யாரையும் பிடித்து அனுப்பவில்லை," என்றார். "எட்வேட்டை எடுத்தது எங்கள் அதிர்ஷ்டம். போவதற்கு முன் மனைவிமாருக்கு ஒரு கூட்டம் வைத்தோமே. உங்களுக்கு மொழி வராது, வர விருப்பமில்லை என்று அவர் சொன்னார். பரவாயில்லை, இப்போது நன்றாகக் கதைக்கிறீர்களே!" பிறகு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எட்வேட் மார்கழி வரை நீடித்துக் கையெழுத்துப் போட்டதற்கும் நன்றி. வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அது கஷ்டம்."

ஆடி மாதம் வருவான் என்று அவள் குசினிக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"ஓம்," என்று தமிழிலேயே சொன்னாள். கையில் இருந்த வாஃபலை முழுவதும் சாப்பிட்டாள். ஏன் சாப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வரும் வழியில் சீரி ரேடியோவை நிறுத்திவிட்டுக் கார் ஓடினாள். ஹவுகன்ஸ்டுவாவில் இறங்கும்போது, "என் நம்பர் உன்னிடம் இருக்கிறது," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிறு. மச்சாள் சட்டியோடு வந்தார். தக்சிலா அதை வாங்காமல் வாசலிலேயே நின்றாள்.

"மச்சாள், அவர் தானாக் கேட்டுப் போனவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

யோசெப்பின் சட்டியைக் கீழே வைத்தார். வைத்த விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது.

"நீர் தனிய, குழந்தைப் பிள்ளையோடை... மனம் நோகக்கூடாது எண்டுதான், பிள்ளை..."

"மார்கழி மட்டும் நிக்கப்போறதும் தெரியுமோ?"

மச்சாள் அழத் தொடங்கினார். தக்சிலாவுக்கு அழுகை வரவில்லை. தன் முதுகைத் தடவிய அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. எட்வேட் செய்ததைவிட அந்த நேரத்தில் அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

வியாழக்கிழமை நாலரைக்குத் தொலைபேசி அடித்தது.

"நீங்களாக் கேட்டுத்தானே போனனீங்கள்?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு செக்கன் போனது. பிறகும் போனது.

"ஆர் சொன்னது?"

"நீங்கள் சொல்லேல்லை."

"கேட்டிருந்தா நீர் விட்டிருக்கமாட்டீர்."

"நீங்கள் கேக்கேல்லையே."

அவன் வேகமாகக் கதைத்தான், நெடுநாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுபோல. "இருபது வருசமா அங்கை ஒஸ்லோவிலை எனக்கு ஒரே கேள்விதான், தக்சி. எங்கையிருந்து வந்தனி? கராஜிலையும் அதுதான். இஞ்சை ஒருத்தனும் கேக்கிறேல்லை. இஞ்சத்தை ஊர்ச் சனத்துக்கு நான் நோர்வேக்காரன். எங்கடை அணிப் பெடியளுக்கும் நான் நோர்வேக்காரன். அது எப்பிடி இருக்கும் எண்டு உமக்கு..."

அவளுக்கு விளங்கியது. அதுதான் இன்னும் கொதியைக் கிளப்பியது. இதை அன்றைக்குத் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அழுது, சண்டை பிடித்து, கடைசியில் போங்கோ என்று தானே சொல்லியிருப்பாளோ என்னவோ. அதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பையும் அவன் எடுத்துவிட்டான். அண்ணனைக் கொண்டுபோன கதையை அவனுக்குச் சொன்னவள் அவள். ஆமி சொன்னால் மறுபேச்சு இல்லை என்று அவள் நம்புவாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்துத்தான் பொய்யை வைத்திருக்கிறான்.

"மார்கழி?" என்றாள்.

"அதையும் சொல்லத்தான் இருந்தனான்."

அவள் தொலைபேசியை வைத்தாள். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே ஒரு ரெலிபோன் காட் வாங்கி அம்மாவுக்கு எடுத்தாள். அவன் எனக்குச் செய்ததைத்தானே நானும் அம்மாவுக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றின பிறகு ஒருநாள்கூடப் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அவர் ஆமியிலை. நோர்வே ஆமி. இப்ப ஆப்கானிஸ்தானிலை நிக்கிறார்."

மறுமுனையில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"துவக்கு வைச்சிருக்கிறானோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம், அம்மா."

"உனக்கு எப்பயிருந்து தெரியும்?"

"கலியாணம் முடிஞ்ச மாசத்திலையிருந்து."

"அவன் பிறத்தியான். அவன் சொல்லாமல் விட்டது போகட்டும்," என்றார் அம்மா. "நீ என்ரை பிள்ளை."

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அம்மா தொலைபேசிக்கு வரவில்லை. சித்திதான் எடுத்து, "அக்கா கோவிலுக்குப் போட்டா" என்பார். ஊரடங்கு நேரத்திலும் அதையே சொன்னார்.

மார்கழியில் எட்வேட் வந்தான். விமான நிலையத்தில் மற்றக் குடும்பங்கள் கொடி பிடித்து நின்றன. தக்சிலாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள், தகப்பனைக் காட்டவேண்டும் என்பதற்காக. யதுர்ஷா அவனைக் கண்டதும் தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவன் குளித்துச் சாப்பிட்டு முடிந்த பிறகு, அவள் சொன்னாள்:

"ஹவுகெட்டோவிலை ஒரு வீடு எடுத்திட்டன். தை முதலாந் திகதி போறம், நானும் பிள்ளையும். பிள்ளையளைப் பாக்கிற பார்ணஹாகேயிலை உதவியாளர் வேலையும் கிடைச்சிருக்கு."

"என்னட்டை ஒரு வார்த்தை கதைக்காமலோ?"

தக்சிலா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவன் கதிரையிலேயே இருந்தான். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள். சாமான் ஏற்றச் சீரியும் ஊலாவும் வேன் கொண்டுவந்தார்கள்.

ஒஸ்லோவின் வடக்கு மூலையிலிருந்து தெற்குக்கு. புதிய இடத்தில் முதல் மாரி கடினமாகத்தான் கழிந்தது. கோவிலில் சிலர் கதைப்பதை நிறுத்தினார்கள், அவன் ஆமி என்பதற்காகச் சிலர், அவள் பிரிந்து வந்ததற்காகச் சிலர். பார்ணஹாகேயில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, பின்னேரம் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா பழையபடி கதைக்கத் தொடங்கினார், ஆனால் மருமகனின் பெயரை எடுப்பதில்லை. எட்வேட் சனிக்கிழமைகளில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனான். மச்சாளின் மீன்குழம்பும் அவனோடு வந்தது. தக்சிலா அதைப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தாள்.

2009 புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, ஹவுகெட்டோ ரெயின் மேடையில் பிள்ளையை வாங்கும்போது அவன் போகாமல் நின்றான்.

"திரும்ப அணி சேர்க்கிறாங்கள், தக்சி. இன்னும் எழுதிக் குடுக்கேல்லை. நீர் என்ன சொல்லுறீர்?"

அவன் உண்மையாகவே பதிலுக்குக் காத்து நின்றான். முகாமில் அன்றைக்கு வராத அழுகை தக்சிலாவுக்கு இப்போது வரப் பார்த்தது.

"என்னட்டைக் கேக்கிற காலம் போட்டுது," என்றாள். "பிள்ளைக்குச் சொல்லுங்கோ. நீங்களா விரும்பித்தான் போறீங்கள் எண்டு சொல்லுங்கோ."

எட்வேட் மகளுக்கு முன்னால் குந்தினான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்பா தூர இடத்துக்கு..." என்று தொடங்கி நிறுத்தினான். யதுர்ஷா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ரெயின் வந்தது, கதவுகள் திறந்தன, சனம் இறங்கிப் போனது. அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. தக்சிலா அவனுக்கு உதவவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நின்றாள்.